தீர்த்தமலைக்குத் திட்டம் போட்ட கதை

ரொம்ப நாளா எழுதணும் எழுதணும்னு நினைச்சு, சோம்பேறித்தனத்தால தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த பதிவு இது. கொஞ்சம் நீளம். டீயோ காப்பியோ கையில எடுத்துக்கிட்டு உக்காருங்க.

எனக்கு ஒரு வியாதி உண்டு. ராத்திரி சாப்பாடு முடிஞ்சதும் செல்ஃபோனைக் கையில வச்சிக்கிட்டு, ஆல்ப்ஸ் மலையில யாராவது நடந்து போற வீடியோவைப் பார்ப்பேன். பச்சைப் புல்வெளி, பின்னாடி பனிமலை, நடுவுல கோடு கிழிச்ச மாதிரி ஒரு ஒத்தையடிப் பாதை. நாம நடக்கப் போறதில்லைன்னு நல்லாத் தெரியும். ஆனாலும் "காலைல எத்தனை மணிக்குக் கிளம்பணும், எத்தனை லிட்டர் தண்ணி எடுத்துக்கணும்"னு மனசு கணக்குப் போட்டுக்கிட்டே இருக்கும்.

தங்கமணி ஒரு நாள் கடுப்பாகிக் கேட்டாங்க: "சுவிட்சர்லாந்து மாடு கழுத்துல மணி கட்டிக்கிட்டு மேயறதை ரெண்டு மணி நேரமாப் பார்க்கறீங்களே, நம்ம பக்கத்து வீட்டு மாடும் மணிதான் கட்டியிருக்கு. என்னிக்காவது திரும்பிப் பார்த்திருக்கீங்களா?"

பதில் இல்லை. ஹி ஹி.

ஆனா அந்த வியாதியால ஒரு தடவை உருப்படியா ஒரு வேலை நடந்தது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

அப்பாவுக்கு ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நெஞ்சுவலி வந்து, ஆஞ்சியோ பண்ணி, ரெண்டு ஸ்டென்ட் வச்சாங்க. ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே பெஞ்சுல உக்காந்துக்கிட்டு அம்மா வேண்டிக்கிட்டாங்களாம்: "இவரு பொழைச்சு வந்தா தீர்த்தமலைக்கு நடந்து ஏற வைக்கிறேன்." எப்படி இருக்கு பாருங்க. நெஞ்சு சரியில்லாத மனுஷனுக்கு மலை ஏர்ற வேண்டுதல்! மொட்டை போடறேன், காவடி எடுக்கறேன்னு வேற எதையாவது வேண்டியிருக்கலாம். கேட்டா, "அந்த நேரத்துல எது வாயில வந்துச்சோ அதைச் சொன்னேன்டா"ங்கறாங்க.

அப்பா வீட்டுக்கு வந்து, தேறி, ஏரிக்கரையில நடக்க ஆரம்பிச்சு, பழையபடி பேப்பரை வரி விடாமப் படிக்க ஆரம்பிச்சதும் அம்மா ஞாபகப்படுத்தினாங்க. அப்பாவும் "போலாம், அதுக்கென்ன"ன்னுட்டார். அவருக்கு வயசு 69. என் வயித்துல புளியைக் கரைச்சது.

தெரியாதவங்களுக்கு: தீர்த்தமலை தர்மபுரி மாவட்டத்துல, அரூர்லேர்ந்து சுமார் 16 கிலோமீட்டர். அடிவாரத்துல ஒரு கோயில், மலைமேல ஒரு கோயில். ரெண்டு இடத்துலயும் தீர்த்தகிரீசுவரர்தான். அம்மன் பேர் வடிவாம்பிகை. சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கு. அருணகிரிநாதர் பாடின தலம். மேல ராமர் தீர்த்தம்னு ஒண்ணு, பாறை உச்சிலேர்ந்து நூல் பிடிச்ச மாதிரி தண்ணி கொட்டிக்கிட்டே இருக்கும். ராமர் பூஜை பண்ண உக்காந்தாராம். கங்கைத் தண்ணி எடுத்துட்டு வரப் போன அனுமார் வந்து சேர லேட்டாயிடுச்சாம். பொறுக்க முடியாம ராமர் அம்பு விட்டுத் தண்ணி வரவழைச்சுட்டார். அப்புறமா வந்த அனுமார் கோபத்துல கலசத்தைத் தூக்கி எறிய, அது போய் விழுந்த இடம்தான் தென்பெண்ணைக் கரையில இருக்கிற அனுமன் தீர்த்தம். (நேரத்துக்கு வரலைன்னா என்ன ஆகும்ங்கறதுக்கு எங்க ஊர்லயே ஒரு புராணம் இருக்கு பாருங்க. இது கதைக்கு அப்புறம் தேவைப்படும்.)

சாதாரண ஆளு மேல்கோயிலுக்கு ஒரு மணி நேரம், கொஞ்சம் கூடக்குறைய ஆனா ஏறிடலாம். படியும் சரிவுமா ஒரு பாதை. மலை ஏர்றவங்க பாஷையில சொன்னா 'மிதமான' நடை. ஆனா யாருக்கு மிதம்? 20 வயசுப் பையனுக்கு மிதமா இருக்கறது, ரெண்டு ஸ்டென்ட் வச்சவருக்கு இமயமலை.

நான் இவ்வளவு பயப்படறதுக்கு இன்னொரு காரணமும் உண்டு. காலேஜ் படிக்கும்போது 1990கள்ல நாங்க நாலு பேர் வத்தல்மலைக்கு நடந்து போனோம். இன்னிக்கு வத்தல்மலைக்கு கொண்டை ஊசி வளைவெல்லாம் போட்டு ரோடு இருக்கு. அப்போ ஒழுங்கான ரோடு கிடையாது. காலைல பத்து மணிக்குத்தான் கிளம்பினோம். நாலு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு ரெண்டு லிட்டர் பாட்டில். சித்திரை மாசம். பாதி தூரத்துல தண்ணி காலி. "இன்னும் கொஞ்சம்தான்டா, இன்னும் கொஞ்சம்தான்டா"ன்னு ஒருத்தனை ஒருத்தன் ஏத்தி விட்டுக்கிட்டே போனோம். ஒருத்தன் கண்ணு சொருகி விழுந்துட்டான். மேல இருந்து மூட்டையோட இறங்கி வந்த ஒரு ஆயா, தன் தூக்குச்சட்டியில இருந்த கூழை அவன் வாயில ஊத்தி எழுப்பி உக்கார வச்சாங்க. "இந்த வெயில்ல எதுக்கு சாமி வந்தீங்க?"ன்னு அவங்க கேட்டதுக்கு எங்ககிட்ட பதில் இல்லை. சும்மா வந்தோம்னு எப்படிச் சொல்றது?

மலையில வாழ்றவங்களுக்கு நடை பொழுதுபோக்கு கிடையாது. பென்னாகரம் பக்கம் கோட்டூர் மலைக்குத் தேர்தல் சமயத்துல ஓட்டு மெஷினைக் கழுதை மேல ஏத்திக்கிட்டுப் போனதைப் பேப்பர்ல போட்டோவோட பார்த்திருப்பீங்க. அவங்க பொழுதுக்கு முன்னாடியே கிளம்பி, வெயில் ஏறதுக்குள்ள போய்ச் சேர்ந்துடுவாங்க. நாமதான் டிபன் சாப்பிட்டு, பத்து மணிக்குக் கிளம்புவோம்.

அப்புறம் 2018 மார்ச் 11. தேனி மாவட்டம் போடி பக்கத்துல குரங்கணி. காட்டுத்தீயில மாட்டிக்கிட்டு இருபதுக்கும் மேற்பட்டவங்க செத்துப் போனாங்க. பெரும்பாலும் சின்ன வயசுக்காரங்க. அதுக்கு அப்புறம்தான் அதே வருஷம் தமிழ்நாட்டுல மலையேற்றத்துக்குன்னு தனி விதிகள் வந்தது. 2024 அக்டோபர்ல வனத்துறையே 40 பாதைகளைத் தேர்ந்தெடுத்து, சுலபம், மிதம், கடினம்னு பிரிச்சு, ஆன்லைன்ல முன்பதிவு, உள்ளூர் வழிகாட்டின்னு ஒரு ஏற்பாடு பண்ணினாங்க. 2025ல காட்டுத்தீ காலம்னு பிப்ரவரி 15லேர்ந்து ஏப்ரல் 15 வரைக்கும் அந்த நடையை எல்லாம் நிறுத்தியும் வச்சாங்க. அதனால யாராவது "அனுமதியா, அதெல்லாம் எதுக்குப்பா, தெரிஞ்ச பையன் ஒருத்தன் கூட்டிட்டுப் போவான்"னு சொன்னா தயவுசெஞ்சு நம்பிடாதீங்க. அனுமதி இல்லாம காப்புக்காட்டுக்குள்ள போறது குத்தம். தீர்த்தமலையில பக்தர்கள் நடக்கிற கோயில் பாதை இருக்கறதால நாங்க அதையே பிடிச்சுக்கிட்டோம். அந்தப் பாதையை விட்டு ஒரு அடி நகரக் கூடாதுன்னு முடிவு. (சுவிட்சர்லாந்துல 1914லேயே தேசியப் பூங்கா ஆரம்பிச்சுட்டாங்க. அங்கேயும் போட்ட பாதையை விட்டு விலகக் கூடாதுங்கறதுதான் சட்டம்.)

சரி, மேட்டருக்கு வருவோம். திட்டம்.

முதல்ல டாக்டர். ட்ரெட்மில் டெஸ்ட் எடுத்துப் பார்த்துட்டு அவர் சொன்னது: "ஏறலாம். ஆனா பேசிக்கிட்டே ஏற முடியற வேகம்தான் உங்க வேகம். ஒரு முழு வாக்கியம் மூச்சு வாங்காமப் பேச முடியலைன்னா நின்னுடணும். நின்ன பிறகும் சரியாகலைன்னா இறங்கிடணும்." நாக்குக்கு அடியில வைக்கிற மாத்திரையை எப்போ வைக்கணும்னு எழுதியும் கொடுத்தார். இந்த வேலையை முடிக்காம நான் எதையும் ஆரம்பிக்கலை. உங்க வீட்டுப் பெரியவங்களை மலைக்குக் கூட்டிட்டுப் போறதா இருந்தா, நீங்களும் இங்கேயிருந்துதான் ஆரம்பிக்கணும்.

ரெண்டாவது, பயிற்சி. எங்க மொட்டை மாடிக்கு 18 படி. முதல் வாரம் அஞ்சு தடவை ஏறி இறங்கினார். ஆறாவது வாரம் இருபது தடவை. அம்மா கீழே நின்னுக்கிட்டு எண்ணுவாங்க. அப்பா நடுவுல ஒண்ணை விட்டுட்டு "பதினாலு"ம்பார். அம்மா "பதிமூணுதான், ஏறுங்க"ம்பாங்க. முப்பத்தஞ்சு வருஷம் பசங்களை ஏமாத்த விடாத வாத்தியார், வீட்டுல மாட்டிக்கிட்டு முழிச்சதை நான் ரசிச்சுப் பார்த்தேன்.

மூணாவது, மாசம். சித்திரை, வைகாசி வேண்டவே வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில மழை, பாறை வழுக்கும், மதியத்துக்கு மேல இடி வேற. மாசியில திருவிழாக் கூட்டம். மிச்சம் மார்கழியும் தையும்தான். தை மாசம் ஒரு சனிக்கிழமை. அமாவாசை, பிரதோஷம் எதுவும் இல்லாத நாள். கூட்டமும் இருக்காது, அதுக்காக ஆளே இல்லாத பாதையாவும் இருக்காது.

நாலாவது, நேரக் கணக்கு. என் ஆல்ப்ஸ் வியாதி உதவினது இங்கதான். சுவிட்சர்லாந்துல நடைபாதைக்கு வச்சிருக்கிற மஞ்சள் பலகையில எவ்வளவு நேரம் ஆகும்னுதான் போட்டிருப்பாங்க. இத்தனை கிலோமீட்டர்ங்கற பேச்சு பெரும்பாலும் இருக்காது. யோசிச்சா எவ்வளவு சரி! மலையில மூணு கிலோமீட்டர்னா ஒண்ணும் புரியாது. ரெண்டு மணி நேரம்னா எல்லாம் புரியும். 1892ல ஸ்காட்லாந்துல நெய்ஸ்மித்னு ஒருத்தர் ஒரு கணக்கு சொல்லிட்டுப் போயிருக்கார். சமதளத்துல மணிக்கு அஞ்சு கிலோமீட்டர். அதோட, மேல ஏர்ற ஒவ்வொரு 100 மீட்டர் உயரத்துக்கும் பத்து நிமிஷம் கூட்டிக்கணும். 300 மீட்டர் ஏறினா அரை மணி அதிகம். ஆனா இது திடகாத்திரமான ஆளு ஓய்வே எடுக்காம நடக்கிற கணக்கு. நமக்கு இதை அப்படியே எடுத்துக்க முடியாது. நான் சாதாரண ஆளோட ஒரு மணி நேரத்தை அப்பாவுக்கு ரெண்டு மணின்னு வச்சேன். உக்கார, தண்ணி குடிக்க, வேடிக்கை பார்க்க அரை மணி. ஆக ரெண்டரை மணி நேரம்.

தர்மபுரியில அஞ்சு மணிக்குக் கார். ஆறரைக்கு அடிவாரம். 6.45க்கு முதல் அடி. 9.15க்கு மேல்கோயில்.

இதை எழுதி முடிச்சுட்டு அடியில இன்னொரு வரி எழுதினேன்: "எங்கே இருந்தாலும் 9.15க்குத் திரும்பணும்."

இந்தக் கடைசி வரிதான் திட்டத்துலேயே முக்கியம். ஆல்ப்ஸ்ல மதியத்துக்கு மேல இடியும் மின்னலும் வரும், அதுக்குள்ள உச்சிலேர்ந்து இறங்கிடணும்னு சொல்வாங்க. அங்கே ஆயிரம் மீட்டர் ஏறினா ஆறு, ஆறரை டிகிரி குளிர் கூடும், அதனால ஸ்வெட்டர் எடுத்துட்டுப் போகணும். நம்ம ஊர்ல எதிரி வெயில்தான். தை மாசமா இருந்தாலும் பத்து மணிக்கு மேல பாறை சுட ஆரம்பிச்சுடும். சுடற பாறையில கால் தளர்ந்து இறங்கறது ஏர்றதை விட ஆபத்து. மலையில நிறைய பேர் விழறது இறங்கும்போதுதான். ஏறும்போது மூச்சு நம்மை எச்சரிக்கும். இறங்கும்போது எச்சரிக்கை எதுவும் கிடையாது, முட்டி சட்டுனு மடங்கிடும்.

அஞ்சாவது, கீழே ஒரு ஆள். எங்கே போறோம், எப்போ திரும்புவோம்னு தெரிஞ்ச ஒருத்தர் கீழே இருக்கணும். அம்மாவுக்கு முட்டிவலி, ஏற முடியாது. அதனால அவங்கதான் அந்த ஆள். கையில ஒரு சீட்டு: "11.30க்குள்ள வரலைன்னா, ஃபோனும் கிடைக்கலைன்னா, கோயில்ல சொல்லி ஆள் அனுப்பவும். 108 கூப்பிடவும். பக்கத்துல பெரிய ஆஸ்பத்திரி அரூர் அரசு மருத்துவமனை." அதைப் படிச்சுட்டு அம்மா, "ஏண்டா, சாமி கும்பிடப் போறியா, சண்டைக்குப் போறியா?"ன்னாங்க.

ஏர்ற ஆளுங்க நாலு பேர்: அப்பா, நான், என் பையன் (ஒம்பதாவது படிக்கிறான்), அப்புறம் அம்மாவோட தம்பி, என் மாமா. நாலு பேருங்கறதுக்கும் கணக்கு இருக்கு. ஒருத்தருக்கு முடியலைன்னா ஒருத்தர் கூட உக்காரலாம், மிச்சம் ரெண்டு பேர் சேர்ந்து போகலாம், வரலாம். யாரும் எங்கேயும் தனியா இருக்க வேண்டியதில்லை.

பையில இருந்தது: ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணி. ஒரு பாட்டில்ல மட்டும் ஒரு லிட்டர் தண்ணிக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. கடலை உருண்டை, வாழைப்பழம், பொட்டலத்துல புளிசாதம். அப்பாவோட மாத்திரை என் சட்டைப் பையில ஒரு செட், மாமா பையில ஒரு செட். டார்ச், விசில், துண்டு, ஒரு முழ நீளக் கட்டுத்துணி. ஆளுக்கொரு கைத்தடி, இது கால் மூணாகறதுக்கும் குரங்குக்கும். செண்ட் அடிச்சிக்கிட்டு வரக் கூடாதுன்னு பையனுக்கு உத்தரவு. மலைத்தேனீ கூடு எங்கேயாவது பாறையில தொங்கும், வாசனையும் புகையும் அதுங்களுக்கு ஆகாது.

அந்த நாளும் வந்தது.

திட்டப்படி 6.45க்குக் கிளம்ப முடியலை. அடிவாரக் கோயில்ல அம்மா ஒவ்வொரு சன்னிதியா நின்னு வேண்டிக்கிட்டதுல பத்து நிமிஷம் போச்சு. 6.55. குளிர் லேசா இருந்தது. அப்பா மப்ளரோட. இருபத்தஞ்சு படி, நின்னு பத்து மூச்சு. மறுபடி இருபத்தஞ்சு படி, பத்து மூச்சு. யார் தாண்டிப் போனாலும் கண்டுக்கறதில்லைன்னு ஒப்பந்தம். கைக்குழந்தையை இடுப்புல வச்சிக்கிட்டு ஒரு அம்மா எங்களைத் தாண்டிப் போனாங்க. செருப்பில்லாம ரெண்டு தாத்தா தாண்டிப் போனாங்க. மாமாவுக்குத்தான் மானம் போச்சு.

பேசிக்கிட்டே ஏறணும் இல்லையா, அதுக்கு அப்பா ஒரு வழி வச்சிருந்தார். பேரனுக்குப் பாடம் எடுத்துக்கிட்டே ஏறினார். தர்மபுரி முன்னாடி சேலம் மாவட்டத்தோட இருந்தது, 1965ல தனி மாவட்டமாச்சு, 2004ல கிருஷ்ணகிரி பிரிஞ்சு போச்சுன்னு ஆரம்பிச்சு, அதியமானுக்கு வந்து, ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்ததுல நின்னார். பையன் காதுல வாங்கினானோ இல்லையோ, நான் வாங்கினேன். எனக்கு அதியமான் முக்கியமில்லை. அந்த வாக்கியம் முழுசா வருதா, நடுவுல உடையுதாங்கறதுதான் முக்கியம்.

ஒரு மணி நேரம் நல்லாப் போச்சு. ஒரு திருப்பத்துல உக்காந்து வாழைப்பழத்தை எடுத்ததும் குரங்கு வந்துடுச்சு. மாமா தடியைத் தூக்கறதுக்குள்ள கடலை உருண்டைப் பொட்டலம் அதுங்கிட்ட போயிடுச்சு. (திட்டத்துல குரங்கு இருந்தது. குரங்கோட வேகம் இல்லை.)

எட்டரைக்கு மேல அப்பாவோட வாக்கியம் சின்னதாச்சு. "அதியமான்... வந்து..."ன்னு நிறுத்துவார். நெஞ்சு வலிக்குதான்னு கேட்டேன். இல்லைன்னார். உண்மையா இல்லையான்னு முகத்தைப் பார்த்தேன். வலி இல்லை, அசதி. உக்காந்தோம். அஞ்சு நிமிஷத்துல சரியாச்சு. மறுபடி நடந்தோம். இருபத்தஞ்சு படி பதினஞ்சாச்சு, பதினஞ்சு பத்தாச்சு.

ஒம்பது அடிச்சு பத்து நிமிஷம் இருக்கும். மேல இருந்து இறங்கி வந்த ஒரு அண்ணன் அப்பாவைப் பார்த்துட்டு, "அவ்ளோதான் பெரியவரே, வந்துட்டீங்க. இன்னும் பத்து நிமிஷம்தான்"ன்னார்.

இங்கதான் என் யோக்கியதை வெளியே வந்தது. ரெண்டு மாசமாத் திட்டம் போட்டவன், சீட்டு எழுதினவன், ஆஸ்பத்திரி பேர் வரைக்கும் குறிச்சு வச்சவன் நான். எனக்கு அந்த நிமிஷம் என்ன தோணுச்சு தெரியுமா? பத்து நிமிஷம்தானே. இவ்வளவு தூரம் வந்துட்டு இதுல விடறதா? ஒரு கையை மாமா பிடிச்சுக்கட்டும், ஒரு கையை நான் பிடிச்சுக்கறேன். அம்மாவோட வேண்டுதல். அப்பாவோட வயசு. அடுத்த வருஷம் யாரு கண்டா? இதெல்லாம் சேர்ந்து தொண்டைக்கு வந்து, "அப்பா, மெதுவா ஏறிடலாமா? இன்னும் கொஞ்சம்தான்"ன்னு சொல்லியே சொல்லிட்டேன்.

அதே "இன்னும் கொஞ்சம்தான்". வத்தல்மலையில ஒருத்தனைக் கண்ணு சொருக வச்ச அதே வார்த்தை.

அப்பா பாறையில உக்காந்திருந்தார். கையைத் திருப்பி வாட்சைப் பார்த்தார். பழைய வாட்ச், ஸ்கூல்ல பெல் அடிக்கறதுக்கு முன்னாடி பார்த்துப் பார்த்துப் பழகின வாட்ச். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"நீ என்ன எழுதின?"

"ஒம்பதே கால்."

"மணி என்ன?"

"ஒம்பது பன்னண்டு."

"மூணு நிமிஷத்துல பத்து நிமிஷம் நடக்க முடியுமாடா?" கொஞ்சம் மூச்சு வாங்கிக்கிட்டு, "அந்தாளு பத்து நிமிஷம்னு சொன்னது அவருக்கு. எனக்கு அரை மணி. அப்புறம் எறங்கணும். எழுதினா எழுதினதுதான் கண்ணு. பெல் அடிச்சாச்சு"ன்னார்.

எனக்குப் பேச்சே வரலை. அவர் தோத்துப் போன மாதிரி முகத்தை வச்சிக்கலை. வகுப்பு முடிஞ்ச வாத்தியார் சாக்பீஸை மேசையில வச்சுட்டுக் கையைத் தட்டிக்குவாரே, அப்படி இருந்தார். மாமாவையும் பேரனையும் பார்த்து, "நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. எனக்கு ராமர் தீர்த்தம் ஒரு பாட்டில் பிடிச்சுட்டு வா ராசா. அவசரமில்லாமப் போ"ன்னு அனுப்பி வச்சார்.

அவங்க போன பிறகு நானும் அப்பாவும் அந்த மர நிழல்ல உக்காந்திருந்தோம். கீழே வயக்காடு, மரவள்ளித் தோட்டம், சின்னச் சின்ன ஓட்டு வீடு எல்லாம் தெரிஞ்சது. முன்னாடி எப்போ நாங்க ரெண்டு பேரும் இப்படி வேலையில்லாம உக்காந்திருந்தோம்னு யோசிச்சேன். ஞாபகம் வரலை. ரொம்ப நேரம் கழிச்சு அப்பா சொன்னார்: "ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சப்போ நீ வெளியே நின்னுக்கிட்டு இருந்தது கண்ணாடி வழியாத் தெரிஞ்சதுடா. அழுதுக்கிட்டு இருந்த." நான் ஒண்ணும் சொல்லலை. தண்ணி பாட்டிலைத் திறந்து கொடுத்தேன்.

இந்த இடத்துல ஒண்ணை ஒத்துக்கணும். திட்டத்துல 9.15க்குத் திரும்பணும்னு இருந்தது. நாங்க உக்காந்துட்டோம். நிழல் இருந்ததால, பையனும் மாமாவும் வர்ற வரைக்கும் காத்திருக்கலாம்னு அப்பாவே திருத்தம் போட்டார். அவங்க பத்து மணிக்கெல்லாம் வந்துட்டாங்க. பையன் தலை சொட்டச் சொட்ட வந்தான். தீர்த்தத்துல நின்னு குளிச்சிருக்கான். பாட்டில்லேர்ந்து அப்பா ஒரு கை வாங்கிக் குடிச்சார், தலையில தெளிச்சுக்கிட்டார், மேலே பார்த்துக் கும்பிட்டார்.

இறங்கினோம். தடியை முன்னாடி ஊணி, பக்கவாட்டுல கால் வச்சு, பையன் அப்பாவுக்கு ஒரு படி முன்னாடி. பாறை சுட ஆரம்பிச்சிருந்தது. பாதி வழியில அப்பாவுக்கு முட்டி நடுங்க ஆரம்பிச்சது, ரெண்டு தடவை உக்காந்தார். மேல்கோயில் வரைக்கும் போயிருந்தா அந்த நடுக்கம் எங்கே வந்திருக்கும், எந்த வெயில்ல வந்திருக்கும்னு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதுக்கு மேல கணக்குப் போடலை.

11.20க்கு அடிவாரம். அம்மா கையில சீட்டோட கோயில் வாசல்லயே நின்னுக்கிட்டு இருந்தாங்க. இன்னும் பத்து நிமிஷம் போயிருந்தா ஊரைக் கூட்டியிருப்பாங்க.

நான் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். மேல வரைக்கும் போகலை, கொஞ்சம் கீழேயே நின்னுட்டோம்னு. அம்மாவுக்கு வருத்தமா இருக்கும், பரிகாரம் அது இதுன்னு ஏதாவது சொல்வாங்கன்னு நினைச்சேன். அம்மா அப்பாவை மேலேர்ந்து கீழ வரைக்கும் ஒரு தடவை பார்த்தாங்க. முந்தானையால அவர் நெத்தியைத் துடைச்சுட்டு சொன்னாங்க:

"நடந்து ஏற வைக்கிறேன்னுதான் வேண்டிக்கிட்டேன். மேல வரைக்கும்னு எங்க சொன்னேன்? சாமி கீழயும்தான் இருக்குது. வாங்க, புளிசாதம் ஆறிப்போச்சு."

அம்மாவை வக்கீலுக்குப் படிக்க வச்சிருக்கணும்.

மலைக்குப் போறவங்க எல்லாரும் எப்படி ஏர்றதுன்னுதான் திட்டம் போடறோம். என்ன ஷூ, என்ன பை, எத்தனை லிட்டர். எப்போ திரும்பறதுங்கற ஒரு வரியை வீட்டுல, சமதளத்துல, மூச்சு சீரா இருக்கும்போதே எழுதி வைக்கணும். மேல போன பிறகு அதை முடிவு பண்ற மூளை நம்மகிட்ட இருக்காது. உச்சி கண்ணுக்குத் தெரிஞ்சா யாருக்கும் இருக்காது, எனக்கே இல்லை. அப்புறம் இன்னொண்ணு. அந்த வரியை எழுதினா மட்டும் போதாது, அதைப் படிச்சுக் காட்டறதுக்குக் கூட ஒரு ஆளு வேணும். எனக்கு அன்னிக்கு அந்த ஆளு அப்பா.

இப்போ அப்பா தினசரி காலண்டர் தாளுக்குப் பின்னாடி ஏதோ எழுதிக்கிட்டு இருக்கார். எட்டிப் பார்த்தேன். "அடுத்த தை. கிளம்ப: 4.30. முதல் அடி: 6.15. மாடிப்படி: 30 தடவை." அடியில கோடு போட்டு, "திரும்ப: 9.15."

டிஸ்கி 1: நீங்களும் போறதா இருந்தா மேல்கோயில் நடை திறக்கிற நேரத்தைக் கீழ்க்கோயில்ல கேட்டுக்கிட்டு ஏறுங்க. பிளாஸ்டிக்கை மேல விட்டுட்டு வராதீங்க. கடலை உருண்டையைக் கையில வச்சிக்கிட்டு நிக்காதீங்க.

டிஸ்கி 2: நான் இப்பவும் ஆல்ப்ஸ் வீடியோ பார்க்கறேன். கூட அப்பாவும் உக்காந்துக்கறார். "இவன் லேட்டாக் கிளம்பியிருக்கான் பாரு"ன்னு வெள்ளைக்காரனைத் திட்டறார். தங்கமணி தலையில அடிச்சுக்கிட்டு உள்ளே போயிடறாங்க.